சரி என்று சொன்ன மனிதர்

தப்பு முழுக்க அந்த மனிதர் மேல்தான். எனக்கு இதில் எள்ளளவும் பங்கு கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பாதிக் கதையில் நீங்கள் "ஆனாலும் அக்கா, நீங்களும் கொஞ்சம்..." என்று இழுக்கக்கூடாது. எல்லோரும் இழுக்கிறார்கள். வடைக்கடை அமராவதி இழுத்தாள். என் மாடி வீட்டு மலாய்க்காரம்மாவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, அந்த அம்மாவும் இழுத்தார். கூப்பிட வேண்டிய நேரத்தில் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு, சுடுதண்ணீரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் அது. இதில் நான் எங்கே வருகிறேன்?

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் தங்கச்சி. அந்தப் பையை இப்படிக் கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். முட்டையா? மேலே சுடுதண்ணீர் ஊற்றில் அவித்துச் சாப்பிடவா? நல்லது. முதல் தடவை வருகிறீர்களா? என்ன, இடுப்பா முட்டியா? இந்த வேனில் ஏறுகிற எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வலிக்கும். கோலாலம்பூரில் நின்று நின்று தேய்ந்த கால்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமையானால் இந்த மலையேறும். எனக்குக் குதிகால். அதற்குத்தான் போகிறேன். டாக்டர் போகச் சொன்னார். எந்த டாக்டர் என்று கேட்காதீர்கள்.

என் பெயர் தவமணி. செந்தூலிலிருந்து கெப்போங்வரை எந்தப் பாசார் மாலத்தில் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். நைட்டி, போர்வை, துண்டு. அந்த ராத்திரிச் சந்தைகளில் கூடாரம் போட்டு நான் நிற்க ஆரம்பித்தபோது உங்களுக்குப் பல் முளைத்திருக்காது. காப்பார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பை மழை சொல்லிக்கொடுத்தது, கள்ள நோட்டு சொல்லிக்கொடுத்தது, "நாளைக்குத் தரேன்கா" என்று போர்வையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் எனக்குக் கோபம் வரும். வரட்டுமே. கோபம் இல்லாமல் அந்த வரிசையில் ஒரு வாரம் கடை போட முடியாது, இடத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு நடை இருக்கிறது. அது தெரிந்தால்தான் அவர் செய்த அநியாயம் உங்களுக்கு விளங்கும். ஒரு பெண் வருகிறாள். போர்வையை எடுக்கிறாள், விலை கேட்கிறாள், நான் சொல்கிறேன், அவள் முகத்தைச் சுளிக்கிறாள். "வேணாங்கா" என்று வைத்துவிட்டு நடக்கிறாள். நிஜமாகவே வேண்டாதவள் விறுவிறு என்று போய்விடுவாள். வேண்டும் என்கிறவள் மெதுவாக நடப்பாள். பக்கத்துக் கடையில் எதையாவது தொட்டுப் பார்ப்பாள். ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டாள், பார்த்தால் தோற்றாள். நான் ரெண்டு மூன்று கடை தாண்டும்வரை விட்டுவிட்டு, "வாங்கக்கா, இங்க வாங்க, பேசிக்கலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் சலித்துக்கொண்டே வருவாள். நான் சலித்துக்கொண்டே குறைப்பேன். ரெண்டு பேர் மானமும் மிஞ்சும், போர்வையும் வீடு போகும். கூப்பிடாத கடைக்காரனை என்னவென்று சொல்வது? அவனுக்கு வியாபாரமே வேண்டாம் என்று அர்த்தம். சரக்கை விற்கவே உட்காரவில்லை என்று அர்த்தம்.

இனி அந்த மனிதருக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நாற்பது வயதில் நான் பெயர் சொல்லாமல் திட்டியவர்கள் நிறையப் பேர், ஐம்பத்தைந்தில் இவர் ஒருவர்தான்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஓய்வுபெற்ற நாள்வரை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான். போகிற ஊரைச் சொன்னால் விலையைச் சொல்வார், கொடுத்தால் டிக்கெட், இல்லாவிட்டால் அடுத்த ஆள். மனைவி தவறிப் பல வருஷமாகிறது. ஒரே மகன், ஆஸ்திரேலியாவில். ரவாங்கில் சொந்த வீடு. தானே சமைத்து, தானே துவைத்து, தானே சாப்பிட்டு. அமராவதிக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை.

ஒரு நாள் என் கடைக்கு வந்தார். துண்டு ஒன்றை எடுத்தார். விலை கேட்டார், சொன்னேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்காதீர்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சொன்னது முதல் விலை. அதிலிருந்து கீழே இறங்குவதற்காக மேலே ஏறி நின்று சொன்ன விலை. அதை அப்படியே கொடுத்துவிட்டுப் போனால் நான் அங்கேயே நிற்க வேண்டியதுதானா? கையில் பணத்தை வைத்துக்கொண்டு திருடி மாதிரி நின்றேன். பொறுக்கவில்லை. "ஐயா, இங்க வாங்க" என்று கத்தினேன். வந்தார். "இன்னொண்ணு எடுத்துக்குங்க, இந்த விலைக்கு ரெண்டு" என்றேன். "ஒண்ணு போதுங்க" என்றார். "போதாது, எடுங்க" என்றேன். எடுத்துக்கொண்டார். பார்த்தீர்களா? முதல் நாளே நான் கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட வேண்டிய இடத்தில் நான் கூப்பிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர் வாரா வாரம் துண்டு வாங்கினார். வாரா வாரம். செவ்வாய்க்கிழமை மலைக்குப் போய்ச் சுடுதண்ணீரில் முட்டியை ஊற வைக்கிறாராம், அதற்குத் துண்டு வேண்டுமாம். அமராவதி எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டாள், "ஏன்டி, அவருக்கு எத்தனை முதுகு இருக்கு?" என்று. நான் "வாடிக்கைக்காரரைப் பேசாதே" என்று அதட்டினேன். ஆனால் புதுத் துண்டு வந்தால் பச்சைக் கரை போட்டதாக ஒன்றை எடுத்து அடியில் வைக்க ஆரம்பித்தேன். நல்ல வாடிக்கைக்கு எல்லோரும் செய்வதுதான்.

அமராவதிதான் கல்யாணப் பேச்சை எடுத்தாள். "அண்ணன் கேக்கச் சொல்லல, நானா கேக்குறேன்" என்று ஆரம்பித்தாள். கேட்கச் சொல்லியிருக்கிறார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் புருஷன் லாரியில் போய், திரும்பி வராமல் போனது என் முப்பத்தொன்றாவது வயதில். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்கள் எல்லாம் என் கடையைக் கேட்டு வந்தவர்கள். இவர் கடையை விடச் சொல்கிறாராம், அமராவதி சொன்னாள். "வியாபாரம் போதும், கொஞ்சம் உக்காரட்டுமே" என்றாராம். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் பாருங்கள், இருபத்து நாலு வருஷத்தில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள்.

"நேர்ல பேசணும்" என்றேன். எங்கே பேசுவது? கோயிலில் பேசினால் ஊர் முழுக்கத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரி என் வாடிக்கையாக இருப்பாள். அமராவதிதான் யோசனை சொன்னாள்: சுடுதண்ணீர்க் குளத்துக்கே போய்விடலாம், வார நாளில் அங்கே பூராவும் சீனக் கிழவர்கள்தான், நம்மை யாருக்கும் தெரியாது என்று. இதே வேனில்தான் வந்தோம். நான் நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தேன்.

அங்கே கவுண்டரில் ஒரு பெண். பெரிய குளத்துக்கு இந்த விலை, தனி அறைக்கு இந்த விலை, கால் மட்டும் நனைக்கிற குளத்துக்கு இந்த விலை என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பெரிய குளத்துக்கு நீச்சல் உடை வேண்டும், தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி வேண்டும். நான் அந்தத் தொப்பியோடு ஒரு மாப்பிள்ளையைப் பார்ப்பதா? கால் குளம் போதும் என்றேன். கால் மட்டும்தானே நனைக்கிறோம், எதற்கு முழு ஆள் விலை, எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு கால்தானே என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் பலகையைக் காட்டினாள். நான் பலகையை எழுதியவரைக் கூப்பிடச் சொன்னேன். நம்ம டிக்கெட்காரர் தூரத்தில் நின்று தன் பணப்பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கடைசியில் விலை இறங்கவில்லை. ஆனால் அவிப்பதற்கு நாலு முட்டை சும்மா கொடுத்தாள்.

"எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு முட்டைகூடக் கொடுத்தது கிடையாது" என்றார் அவர்.

"கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"பின்ன?"

அதற்கு அவர் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். அதைச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை, சும்மா சொன்னேன்.

போய் உட்கார்ந்தோம். கல் பாவிய நீளத் தொட்டி, ஆவி பறக்கும், தீக்குச்சி அணைத்த மாதிரி ஒரு வாடை. காலை வைத்தவுடன் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. "மெதுவா, விரல்லேர்ந்து" என்றார். அவர் சொன்னபடி வைத்தேன், தாங்கியது. பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் கண்ணை மூடி ஊறிக்கொண்டிருந்தார். அமராவதி எங்களுக்குத் தனிமை கொடுக்கிறாளாம், முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் கொதிக்கிற ஊற்றுக்குப் போனாள், ஆனால் காதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

என் பாதம் எனக்கே வெட்கமாக இருந்தது. குதிகால் முழுக்க வெடிப்பு. அவர் பாதம் ஆபீஸ் பாதம், சுத்தமாக நகம் வெட்டி. நான் காலைத் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக இறக்கிக்கொண்டேன்.

அவரே ஆரம்பித்தார். வீட்டில் பின்பக்க அறைக்கு வெளிச்சம் அதிகம், அதை எனக்குக் கொடுப்பாராம். சமையல் அவருக்கு வரும், ஆனால் ரசம் வராதாம். மகனிடம் சொல்லிவிட்டாராம், மகனுக்குச் சந்தோஷமாம். எல்லாம் கேட்டுக்கொண்டேன். பிறகு என் கடையைப் பற்றிய பேச்சுக்கு வந்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

இங்கேதான் தங்கச்சி, நன்றாகக் கேளுங்கள். எனக்கு வாரத்தில் மூன்று ராத்திரி கடை போட்டால் போதும். என் மனதில் இருந்தது அதுதான். கால் தாங்கவில்லை, கூடாரக் கம்பியைத் தூக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. ஆனால் கடை இல்லாமல் முழுக்க உட்கார்ந்தால் செத்துப்போவேன். மூன்று. அதுதான் கணக்கு. மூன்று வேண்டும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஏழிலிருந்துதானே?

"ஏழு நாளும் போடுவேன்" என்றேன்.

"மூணு நாள் போடுங்க" என்றார். "மூணு நாளும் நானே வந்து கூடாரம் கட்டித் தரேன். நீங்க கம்பியத் தொட வேணாம்."

பார்த்தீர்களா?

முதல் வாயிலேயே மூன்று. அதோடு கூடாரம் வேறு. யாராவது அப்படிச் சொல்வார்களா? ஒன்று என்று சொல்லியிருந்தால் நான் ஐந்துக்கு இறங்கியிருப்பேன், அவர் ரெண்டுக்கு ஏறியிருப்பார், நான் நாலு, கடைசியில் ரெண்டு பேரும் மூச்சு வாங்கி மூன்றில் வந்து நின்றிருப்போம். ஆசை தீரப் பேசியிருப்போம். எடுத்த எடுப்பிலேயே சரியான விலையைச் சொல்கிற ஆளை எப்படி நம்புவது? சரக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதானே தோன்றும்? இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு முதல் விலையிலேயே நியாயம் சொன்னதில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, "ஆறு" என்று.

"மூணுதாங்க உங்களுக்கு நல்லது" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஒரு நாள்கூட ஏற்றவில்லை, ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. டிக்கெட் விலை.

நான் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். "அப்போ நமக்கு ஒத்துவராதுங்க" என்றேன். எழுந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்லா நேராகப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

சரிங்க. அவ்வளவுதான்.

நான் நடந்தேன். மெதுவாக நடந்தேன் தங்கச்சி, சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட மெதுவாக ஒரு மனுஷி நடக்க முடியாது. வழியில் சாமான் கடை இருந்தது. அங்கே நின்று ஒரு பிளாஸ்டிக் ஆமையை எடுத்து விலை கேட்டேன். வெள்ளைக்காரன் குளிக்கிற உப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் ஒருத்தி உப்பை முகர்வாள்? பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி நடந்தேன். அங்கேயிருந்து வேன் நிற்கிற இடம்வரைக்கும் ஜல்லி போட்ட பாதை. அதில் ரெண்டு அடி வைத்தபிறகுதான் தெரிந்தது, காலில் செருப்பு இல்லை. தொட்டி ஓரத்திலேயே விட்டுவிட்டேன். சுடுதண்ணீரில் ஊறிய கால், ஜல்லி ஒவ்வொன்றும் ஊசி மாதிரி ஏறுகிறது. என்ன செய்வது? திரும்பிப் போய்ச் செருப்பைப் போடவா? திரும்பினால் போச்சே. ஏழு நாளும் போச்சு, மூன்று நாளும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது. அவர் குரல்.

"செருப்ப விட்டுட்டுப் போறீங்க" என்றார்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அது கூப்பிட்டதாகுமா? நீங்களும் அமராவதி மாதிரியே சொல்கிறீர்களே. அவர் செருப்பைப் பற்றிச் சொன்னார். என்னைப் பற்றிச் சொன்னாரா? "வாங்க" என்று ஒரு வார்த்தை அதில் இருந்ததா? "பேசிக்கலாம்" என்று இருந்ததா? வழியில் பர்சைப் போட்டுவிட்டுப் போகிற ஆளிடம் யாரும் சொல்வதுதான் அது. நான் திரும்பவில்லை. "வேற வாங்கிக்கிறேன்" என்று முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

அமராவதி ரெண்டு கையிலும் கொதிக்கிற முட்டையைப் பந்தாடிக்கொண்டு ஓடி வந்தாள். "பைத்தியமா உனக்கு? நீ கேட்டதத்தானே அண்ணன் கொடுத்தாரு" என்றாள்.

"பேசாம நட. திரும்பாதே."

"ஏன்டி, அவரு அங்கேயே உக்காந்திருக்காருடி."

"உக்காரட்டும். வேன் கிளம்புறதுக்குள்ள கூப்பிடுவாரு பாரு."

வேன் கிளம்பிவிட்டது. சுரங்கப்பாதை வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அமராவதி முட்டையை உரித்து நீட்டினாள், உப்பில்லாமல் என்ன முட்டை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம் அவர் துண்டு வாங்க வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு ஒரு நாள் அமராவதி ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். என் செருப்பு. கழுவியிருந்தது. இடது செருப்பின் வார் பிய்ந்துகொண்டிருந்தது, நானே ஊக்குப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அதைத் தைத்து அனுப்பியிருக்கிறார். ரயிலில் விட்டுப் போன சாமானை எல்லாம் இப்படித்தான் ஆளைத் தேடிக் கொடுப்பாராம், அமராவதி பெருமையாகச் சொல்கிறாள். நான் யார், ரயிலில் குடையை விட்டவளா? எங்கள் தொழிலில் சாமானைத் திருப்பி அனுப்பினால் தொடர்பு முடிந்தது என்று அர்த்தம். அவருக்கு மட்டும் வேறு அர்த்தமா? "இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவளும் போய்விட்டாள்.

மறுநாள் கேட்டேன், சும்மாதான் கேட்டேன், என்ன சொன்னார் என்று.

அவர் சொன்னாராம்: "அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. வேணாம்னு சொன்ன பொம்பளைய மறுபடி கூப்பிடுறது மரியாதை இல்லம்மா."

மரியாதையாம். கேட்டீர்களா? மரியாதை. நான் அன்றைக்கு ராத்திரி வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேரை மரியாதை இல்லாமல் பேசித் துரத்திவிட்டேன். இந்த மரியாதையை நான் நிறையப் பார்த்தாகிவிட்டது. என் புருஷன் போன அந்த மாதமே ஒரு பெட்டியோடு என் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணி முகம் ஒரு மாதிரி இருந்தது. "நான் வேணா வேற இடம் பாத்துக்கிறேன்" என்றேன். அது கேட்டுப் பார்க்கிற பேச்சு. எந்த முட்டாளுக்கும் தெரியும் அது கேட்டுப் பார்க்கிற பேச்சு என்று. அண்ணன், "சரிம்மா, உன் இஷ்டம்" என்றான். அதுவும் மரியாதையாகத்தான் சொன்னான். பெட்டியை பஸ் நிற்கிற இடம்வரைக்கும் அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்த அண்ணன் கிடக்கட்டும். அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதற்கு அவனை இழுத்தேன் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதரோடு எப்படி வாழ்வது? ரசம் வைக்கிறேன், உப்பு அதிகம் என்றால் "அதிகம்" என்று சொல்ல வேண்டாமா? நான் கோபத்தில் கதவைச் சாத்தினால் வந்து தட்ட வேண்டாமா? கதவு சாத்தியிருக்கிறது, அதனால் மரியாதையாக வெளியே உட்கார்ந்திருப்பாரா? நான் உள்ளேயே செத்துக் கிடந்தாலும் "வேணாம்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாரா?

ஆமாம், மூன்று நாள் என்று அவர் சொன்னபோது நான் "சரி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டீர்களா நீங்களும். அதற்குத்தான் முதலிலேயே எச்சரித்தேன். நான் ஏன் முதலில் சரி சொல்ல வேண்டும்? அப்படிச் சொல்கிற பழக்கம் என் வாயில் இல்லை. அவர் கற்றுக்கொள்ளட்டும். ஓய்வுபெற்றவர்தானே, நேரம் இருக்கிறதல்லவா.

சுரங்கம் தாண்டிவிட்டோம், காது அடைக்கும், எச்சிலை விழுங்குங்கள். இனி ஏற்றம்தான்.

இன்றைக்கு என்ன கிழமை என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம். குதிகாலுக்கு எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் வைத்தியம் பார்க்கலாம், ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்குச் சந்தை இல்லை. அதனால்தான் செவ்வாய். போன வாரம் வரலாம் என்று நினைத்தேன், மழை. அதற்கு முந்தின வாரம் கோம்பாக் ரயில் நிலையம்வரை வந்து இந்த வேனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன், வேனில் கூட்டம். ரெண்டு பேர் இருந்தார்கள், அது கூட்டம்தானே.

அவர் அங்கே இருந்தால் இருக்கட்டும். குளம் பொதுக் குளம். நான் போய் எதிர்ப்பக்கம் உட்காருவேன். காலை விடுவேன், விரலிலிருந்து. முகத்தைப் பார்க்க மாட்டேன். "ஏழு நாள்" என்று சொல்வேன், யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லாமல் தண்ணீரிடம் சொல்வேன். அதற்குமேல் அவர் பாடு.

அதோ, குளத்து வாசல் தெரிகிறது. என்ன, நம்ம டிரைவர் குணசீலன் என்ன சொல்கிறான்? ஏம்பா, ஓட்டும்போது முன்னால பாத்து ஓட்டு. என்ன சொன்ன?

"ரவாங் அங்கிள் இன்னைக்கும் நிக்கிறாரு பாருங்கன்னு சொன்னேன்கா. வாரா வாரம் வேன் வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னுடுறாரு. யாரையாவது எதிர்பாக்குறீங்களான்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு."

வாசலில் நிற்கிறாராம். வெயில் காய்வது எலும்புக்கு நல்லது, டாக்டர்களே சொல்கிறார்கள். முட்டிக்காரருக்கு வேண்டியதுதான். நிற்கட்டும்.

தங்கச்சி, நீங்கள் முதலில் இறங்குங்கள். இந்தாருங்கள் உங்கள் பை, முட்டை பத்திரம். இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மேட்டில் ஏறினால் எல்லோருக்கும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். நீங்கள் போகும்போது அவர் பக்கத்தில் கொஞ்சம் நின்று, யாரோ சொன்ன மாதிரி ஒன்று சொல்லிவிடுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். வேனுக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், இறங்க மாட்டேன் என்கிறாள் என்று சொல்லுங்கள். அவள் "ஒத்துவராது" என்று இன்னொரு தரம் சொல்வாள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லுங்கள். அதற்கு "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா என்று சொல்லுங்கள். உங்கள் மரியாதையை அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு வாருங்கள். வந்து இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "முடியாது, இறங்குங்க" என்று என்னிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.